தள்ளிப்போன கையெழுத்து

மார்ச் 4

எலிக்குட்டிக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் யாராவது ஒருத்தி துண்டித்துவிடுகிறோம், ஆகவே வீட்டு விஷயம் இனி கடிதத்தில் மட்டும் என்று போன வருடம் நீதான் சொன்னாய். நானும் வீம்புக்குச் சரி என்றேன். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது. அந்த ஒரு லாபத்தை நம்பித்தான் எழுதுகிறேன். முழுதாகப் படி.

"அந்த வீட்ல நீதானே குடியிருக்கே, நீயே கட்டு" என்று அன்றைக்கு நீ சொன்னதை மறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை. ஆனால் மாதா மாதம் உன் பங்கை ஒரு நாள் பிந்தாமல் அனுப்புகிறாய், அதையும் மறக்கவில்லை.

விஷயம் இதுதான். அப்பா விட்டுப்போன வீட்டுக் கடனை நம் இருவர் பெயரிலும் வேறு வங்கிக்கு மாற்றப் போகிறேன். அங்கே வட்டி குறைவு. குறைகிற தொகை, சாயங்காலம் கேக் கடையில் நான் நின்று சம்பாதிப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். மாற்றம் நடந்துவிட்டால் ஆஸ்பத்திரித் துணிப் பிரிவில் காலை வேலை மட்டும் போதும். நான்கு மணிக்கு வீட்டில் இருப்பேன்.

எதற்கு என்று உனக்குத் தெரியும். என் குண்டூசிப் பெண்ணுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. அவளுக்கு வார்த்தைகள் இன்னும் தொண்டையில் மாட்டிக்கொள்கின்றன. பேச்சுப் பயிற்சி டீச்சர் சொல்வது ஒன்றுதான். தினமும் சாயங்காலம், ஒரே நேரத்தில், பெரியவர் ஒருவர் அரை மணி நேரம் அவளோடு பேச வேண்டும். வேறு சத்தம் கூடாது. அவள் திக்கும்போது வார்த்தையை நாம் முடித்துக் கொடுக்கக் கூடாது. "மெதுவா சொல்லு" என்றும் சொல்லக் கூடாது. காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உன் அத்தானுக்கு லிஃப்ட் ரிப்பேர் எப்போது வரும், எங்கே வரும் என்று தெரியாது. எட்டு மணிக்கு முன் வீடு திரும்பியதில்லை. சாயங்காலமெல்லாம் குழந்தை கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் இருக்கிறாள். அந்த அம்மா தங்கமானவர். ஆனால் இவள் "த... த..." என்று ஆரம்பித்ததுமே ஓடிப்போய்த் தண்ணீரை நீட்டிவிடுகிறார். அவள் சொல்ல வந்தது தையல் மெஷினைப் பற்றி.

கையெழுத்து 21ஆம் தேதி. நீ எனக்குக் கொடுத்திருக்கும் பவர் பத்திரம் போதும், வர வேண்டாம். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு மட்டும் அனுப்பு. இன்னொன்று. வங்கியில் நம் மனுவைப் பார்ப்பவர் சங்கிலிக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. அவர் இரண்டு முறை சொன்னார்: "கையெழுத்து ஆகற வரைக்கும் ரெண்டு பேர்ல யாரும் புதுசா எந்தக் கடனும் வாங்கக் கூடாது. ஒரு மிக்ஸி கூட தவணையில வேண்டாம்." மூன்றாவது முறையாக நான் உனக்குச் சொல்லிவிட்டேன்.

அக்கா


மார்ச் 11

அக்கா,

சம்பளச் சீட்டுகள் மூன்றும் இதோடு இருக்கின்றன. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உன் உறையை மூன்று நாள் பிரிக்காமல் மேசை மேல் வைத்திருந்தேன். உன் கையெழுத்தைப் பார்த்தாலே நான் எதையோ செய்யாமல் விட்டுவிட்டதுபோல் தோன்றுகிறது. பிரித்துப் படித்தால் அநேகமாக அப்படித்தான் இருக்கும்.

கடனை மாற்றுவது நல்ல விஷயம். குண்டூசிக்காக என்றால் இன்னும் நல்லது.

என் பக்கமும் ஒரு செய்தி. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இத்தனை நாள் குடுவைகளோடு உட்கார்ந்தே இருந்தேன். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஏரிகளுக்கும் நீர்த்தொட்டிகளுக்கும் போய் மாதிரி எடுக்கும் வேலை காலியாகிறது. சம்பளம் கூடுதல். வெளிக்காற்று. ஆனால் சொந்த வாகனம் இருக்க வேண்டும். "மாசக் கடைசிக்குள்ள வண்டி இருந்தா நீங்க, இல்லன்னா அடுத்தவர்" என்றார் மேலாளர். அடுத்தவர் ஏற்கெனவே புது ஷூ வாங்கிவிட்டார்.

பயப்படாதே. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். 21 அன்று நீ கையெழுத்துப் போடுகிறாய். 22 அன்று நான் ஷோரூமுக்குப் போகிறேன். அதுவரை ஒரு மிக்ஸியைக்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டேன்.

எலி


மார்ச் 17

எலி,

கார் விஷயம் படித்தேன். சந்தோஷம். ஆனால் 22ஆம் தேதி வேண்டாம்.

நேற்று வீட்டை மதிப்பிட வங்கியிலிருந்து ஒருவர் வந்தார். நாடாவை நீட்டி நீட்டி அளந்துகொண்டே மொட்டைமாடி வரை போய்விட்டார். அப்பா கடைசியாகக் கட்டிய அறையின் வாசலில் நின்று, "இந்த ரூம் பிளான்லயே இல்லியே" என்றார். உன் அத்தான், "அது எங்க மாமனார் மனசுலயே போட்ட பிளான் சார்" என்றார். வந்தவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

அந்த அறைக்கு அனுமதி வாங்கி, மறுபடி அளந்து, அப்புறம்தான் கையெழுத்து. ஏப்ரல் 20 என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். பேசிய வட்டியும் அதுவரைக்கும்தான். ஒரு மாதம் பொறுத்துக்கொள். உன் மேலாளரிடம் கேட்டுப் பார். கிடைக்காமல் போனால் என்னால்தான் போயிற்று என்று தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

அக்கா


மார்ச் 29

அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாம் வழக்கம்போல. அந்த வேலை எனக்கே கிடைத்துவிட்டது. இப்போதெல்லாம் ஐந்து மணிக்கே அறைக்கு வந்துவிடுகிறேன், முன்பெல்லாம் பஸ்ஸுக்கு நின்று ஏழு ஆகும்.

என்னோடு வேலை செய்யும் ஒருத்திக்கு ஒரு சந்தேகம். ஒருவர் கடன் வாங்கியிருக்கிறார், ஆனால் முதல் தவணையே மூன்று மாதம் கழித்துத்தான். அதையும் வங்கி கடன் என்று சொல்லுமா? உனக்கு அந்தக் கண்ணாடிக்காரம்மாவைத் தெரியுமே, சும்மா கேட்டுச் சொல். அவசரம் இல்லை.

எலி


ஏப்ரல் 5

எலிக்குட்டி,

வேலை கிடைத்ததற்கு வாழ்த்து. வண்டி இல்லாமலே கொடுத்துவிட்டார்களா? உன் மேலாளர் நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும். அந்தப் புது ஷூக்காரரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

உன் தோழிக்காகக் கேட்டேன். கண்ணாடிக்காரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தவணை ஆரம்பிச்சாலும் ஆரம்பிக்காட்டியும் கடன் கடன்தான். கையெழுத்துக்கு முந்தின நாள் நாங்க ரெண்டு பேரோட கடன் அறிக்கையையும் மறுபடி எடுத்துப் பாப்போம். யாராவது வாங்கித் தொலைச்சிருந்தா இப்பவே வந்து சொல்லச் சொல்லுங்க, தொகையைக் கொஞ்சம் கொறச்சு ஏதாவது வழி பண்ணலாம். கடைசி நாள்ல நாங்களா கண்டுபிடிச்சா ஒண்ணும் பண்ண முடியாது." உன் தோழியிடம் சொல்லிவிடு.

கேக் கடையில் சொல்லிவிட்டேன். 20ஆம் தேதி என் கடைசி நாள். குண்டூசி காலண்டரில் ஒவ்வொரு நாளையும் பச்சை பென்சிலால் அடித்துக்கொண்டு வருகிறாள். பச்சை தேய்ந்து பாதிப் பென்சில் ஆகிவிட்டது. "அப்புறம் நீ வ... வ... வந்துடுவியா?" என்று தினமும் கேட்கிறாள். கேள்வியை முடிக்கும்வரை காத்திருந்து, ஆமாம் என்கிறேன். அந்த ஆமாமைச் சொல்ல எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது தெரியுமா?

அக்கா


ஏப்ரல் 12

அக்கா,

குண்டூசிக்கு ஒரு பெட்டி கலர் பென்சில் அனுப்பியிருக்கிறேன். பச்சை மட்டும் இரண்டு.

ஒன்று எழுத நினைத்தேன். பிறகு எழுதுகிறேன்.

எலி


ஏப்ரல் 23

தங்கைக்கு,

நடக்கவில்லை. புதுக் கடன் ஒன்று இருக்கிறது என்று 19ஆம் தேதி மனுவை நிறுத்திவிட்டார்கள். பேசிய வட்டி அடுத்த நாளோடு போய்விட்டது.

உன் அத்தான் முன்பு தன் அண்ணன் கடைக்காக என் பெயரையும் சேர்த்து ஜாமீன் போட்டது உனக்குத் தெரியும். அதை முடித்துவிட்டேன் என்று என்னிடம் சொன்னார். முடிக்கவில்லை போலிருக்கிறது, அண்ணன் அதன்மேல் திரும்பவும் வாங்கியிருக்க வேண்டும். வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். "உங்க அண்ணன் கடைக்கு என் பிள்ளை வாயை அடகு வெச்சீங்களா" என்று கேட்டேன். அவர் டூல் பையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். நான்கு நாள் ஆகிறது.

கேக் கடையில் போய் நின்றேன். கவுன்டரில் வேறு பெண் வந்துவிட்டாள். பின்கட்டில் டிரே கழுவ ஆள் வேண்டும் என்றார்கள், சரி என்றேன்.

காலண்டரில் 20க்குப் பிறகு ஏன் அடிக்கவில்லை என்று குண்டூசியிடம் கேட்டேன். பென்சிலைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டாள். பதில் சொல்ல முயற்சிகூடச் செய்யவில்லை.

அக்கா


ஏப்ரல் 28

அக்கா,

அத்தானை முதலில் கூப்பிட்டு வா. இந்தக் கடிதத்தின் மீதியை அப்புறம் படி. இல்லை, இதை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல். அவர்மேல் ஒரு தவறும் இல்லை. அந்தப் புதுக் கடன் என்னுடையது.

மார்ச் 22, காலை பதினோரு மணிக்கு வாங்கினேன். வெள்ளைக் கார். நீ நினைப்பாய், தேதி தள்ளிப்போனது எனக்குத் தெரியாது, உன் கடிதம் தாமதமாக வந்திருக்கும் என்று. நான் சொல்லாமல் விட்டால் நீயே எனக்காக அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுப்பாய். அதனால்தான் சொல்கிறேன். உன் கடிதம் 19ஆம் தேதியே வந்துவிட்டது. வழக்கம்போல் பிரிக்கவில்லை. கைப்பையில் போட்டு வைத்தேன்.

ஷோரூமில் விற்பனைக்காரர் பத்திரங்களை விரித்துவிட்டு, "மொதல் தவணை மூணு மாசம் கழிச்சுதான் மேடம். அதுவரைக்கும் கடனே இல்லன்னு நெனச்சுக்கங்க" என்றார். அவர் பேனா எழுதவில்லை. என் பேனாவைத் தேடிப் பைக்குள் கைவிட்டேன். உன் உறை விரலில் பட்டது. உறையின் மூலை கொஞ்சம் மடங்கியிருந்தது. அதை ஒதுக்கிவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

அந்த ஒரு நொடியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது, சத்தியம். ஆனால் பிரித்தால் இந்தக் கார் கிடைக்காமல் போகலாம் என்பது விரலுக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் இருப்பதற்கு நான் சிரமப்பட்டிருக்கிறேன் அக்கா. அதற்குத் தெரியாது என்ற பெயர் பொருந்துமா என்று தெரியவில்லை.

அடுத்த நாள் காருக்குள் உட்கார்ந்துதான் உன் கடிதத்தைப் பிரித்தேன். சீட்டில் பிளாஸ்டிக் உறைகூட எடுக்கவில்லை. அசைந்தால் சத்தம் போட்டது. படித்து முடித்து அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போதே போன் செய்திருக்கலாம். போன் கூடாது என்பது நம் ஒப்பந்தம் என்று சொல்லிக்கொண்டேன். என்ன சௌகரியமான ஒப்பந்தம்! அப்புறம் இல்லாத ஒரு தோழியை உண்டாக்கினேன். நீ எனக்காக வங்கிவரை நடந்து போய்க் கேட்டு, இப்போதே சொன்னால் வழி இருக்கிறது என்று எழுதினாய். அதைப் படித்த பிறகும் நான் அனுப்பியது கலர் பென்சில்.

தெரியாமல் செய்தது ஒரு நாள். தெரிந்தே செய்தது முப்பத்தாறு நாள். ஏன் என்று யோசித்தால் பெரிய காரணம் எதுவும் கிடைக்கவில்லை. ஒருவேளை அறிக்கையில் வராமலே போய்விடலாம் என்று நினைத்தேன். வந்தாலும் யாருடையது என்று எழுதியிருக்க மாட்டார்கள் என்றுகூட ஒருநாள் நினைத்தேன். படித்த முட்டாள்தனத்துக்கு அளவே இல்லை. அடியில் இருந்தது வேறு. நீ வீட்டில் இருக்கிறாய், நான் வெளியே இருக்கிறேன், எனக்கென்று ஒரு பொருள் இருந்தால் என்ன என்ற பழைய சண்டை. அதை அத்தான் தலையில் இறக்கி, குண்டூசியின் காலண்டர்வரை கொண்டுபோய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை காரை விற்கக் கேட்டு வைத்திருக்கிறேன். என்ன விலை வந்தாலும் சரி. கடனை அடைத்த கடிதத்தை வாங்கி அனுப்புகிறேன். மன்னித்துவிடு என்று எழுத மாட்டேன். அதை எழுதினால் நீ பதில் சொல்லியாக வேண்டியிருக்கும்.

எலி


மே 5

எலி,

காரை விற்றுவிட்டாயா? விற்கவில்லை என்றால் விற்காதே. காரணத்தைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் என் பங்கு.

19ஆம் தேதி கண்ணாடிக்காரம்மா அறிக்கையைத் திருப்பி என் பக்கம் வைத்தார். உன் பெயர், கார்க் கடன், மார்ச் 22. எல்லாம் தெளிவாக இருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "தங்கச்சி சொல்லலியா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் தாங்கவில்லை. கடன் போனதுகூட அப்புறம்தான் உறைத்தது. உன் 'தோழி' யார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. எவ்வளவு பெரிய மண்டு நான்!

உன் அத்தான் எங்கும் போகவில்லை. அவரை நான் ஒன்றும் கேட்கவும் இல்லை. அவர் போட்ட ஜாமீன் முடிந்து வருடங்கள் ஆகின்றன. 23ஆம் தேதிக் கடிதத்தில் அவரைப் பற்றி எழுதியதெல்லாம் பொய். ஒட்டுவதற்கு முன் அதை அவர் படித்தார்.

"இது நல்லால்ல. நேரா கேட்டுடு."

"கேட்டா சொல்லிடுவா. கேக்காம சொல்றாளான்னு பாக்கணும்."

"அதுக்கு என்னைய வீட்ட விட்டுத் தொரத்தணுமா?"

அன்று முழுக்க எதைக் கேட்டாலும், "நான்தான் இங்க இல்லியே" என்று சொல்லியே வெறுப்பேற்றினார். இப்போது உன் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து வெங்காயம் நறுக்கப் போய்விட்டார்.

நீ ஐந்து நாளில் பதில் எழுதிவிட்டாய். அந்த ஐந்து நாளும் நீ எப்படி இருந்திருப்பாய் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதற்காகத்தான் அதை எழுதினேன். ஒருவரை வலிக்கச் செய்ய இவ்வளவு யோசித்து, அடித்துத் திருத்தி எழுதியது எனக்கு இதுதான் முதல் தடவை. கை கூசியது. ஆனாலும் ஒட்டினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. தேதி தள்ளிப்போன அன்று போனை எடுத்து உன் எண்ணைப் பாதிவரை அழுத்தினேன். ஒரே ஒரு வரி சொன்னால் போதும். நீதானே போன் வேண்டாம் என்றாய், நான் ஏன் முதலில் இறங்கி வர வேண்டும் என்று வைத்துவிட்டுத் தபால்தலை வாங்கப் போனேன். நீ உறையை ஒதுக்கிய மாதிரிதான் இதுவும்.

டிரே கழுவுவது மட்டும் பொய் இல்லை. குண்டூசி பெட்டியை மூடியதும் பொய் இல்லை.

உன்மேல் கோபம் இருக்கிறது. இந்தக் கடிதத்தோடு தீர்ந்துபோகிற கோபம் இல்லை, தீர்ந்ததுபோல நீயும் நடிக்க வேண்டாம். இப்போது காரைப் பற்றி. இன்றைக்கு விற்றால் வருகிற விலை கடனை அடைக்காது. மீதிக்கு இன்னொரு கடன் வாங்குவாய். வங்கியில் கேட்டேன். தவணை ஆரம்பித்து ஆறு மாதம் ஒழுங்காகக் கட்டியிருந்தால் மறுபடி மனு போடலாம், வட்டி அப்போது எப்படி இருக்குமோ என்றார்கள். அதாவது டிசம்பர்வரை நான் கேக் கடையில்தான்.

டீச்சரிடமும் கேட்டேன், அந்தப் பெரியவர் அம்மாவாகத்தான் இருக்க வேண்டுமா என்று. வேண்டாம், பொறுமையாகக் காத்திருக்கத் தெரிந்த யாரானாலும் சரி, போனில்கூடப் பரவாயில்லை, நேரம் மட்டும் மாறக் கூடாது என்றார். ஐந்து மணிக்கே அறைக்கு வந்துவிடுகிறேன் என்று பெருமையாக எழுதியிருந்தாய். பஸ்ஸில் போனால் ஏழாகும். அதனால்தான் காரை விற்காதே என்கிறேன். தையல்காரம்மா வீட்டு எண் அடியில் இருக்கிறது. அரை மணி நேரம் மெஷினை நிறுத்தி வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். தண்ணீர் கொடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன்.

தினமும் ஐந்தரைக்குக் கூப்பிடு. என்னோடு பேச வேண்டாம். அவளோடு பேசு.

அக்கா


மே 14

அக்கா,

உன் உறையை மாடிப்படி ஏறுவதற்குள் கிழித்துவிட்டேன். காரை விற்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்தவர் சொன்ன விலைக்குக் கடனில் எவ்வளவு மீதி நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் அடுத்த வாரம் வருகிறேன் என்று போய்விட்டார். இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உன் பொய்யைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. சொல்ல எனக்கு எந்த இடமும் இல்லை. ஆனால் ஐந்து நாள் என்று எழுதியிருந்தாயே, அதில் மூன்று நாள் அந்த உறையும் மேசை மேல்தான் கிடந்தது. இதையும் நீ தெரிந்துகொள்வது நல்லது. பிரித்த பிறகுதான் உன் பொய் வேலை செய்தது.

இன்றோடு நான்கு நாள் பேசியாகிவிட்டது. அறையில் பக்கத்து வீட்டு ரேடியோ கேட்கிறது, அதனால் காரிலேயே உட்கார்ந்து கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பேசுகிறேன். மாதிரிக் குடுவைகள் பின்சீட்டில் இருக்கும். முதல் நாள் அவள் எதுவும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. நானும் பேசவில்லை. முப்பது நிமிடம். பின்னணியில் தையல்காரம்மா யாரிடமோ, "ரெண்டும் என்னதான் பேசுதுங்களோ" என்று சொன்னது கேட்டது.

இரண்டாம் நாள் மூன்று நிறங்களின் பெயர் சொன்னாள். மூன்றாம் நாள் டிரே கழுவி உன் விரல் சுருங்கியிருப்பதைச் சொன்னாள். சுருக்கம் என்ற வார்த்தையில் ரொம்ப நேரம் நின்றாள். எனக்கு அது என்ன வார்த்தை என்று தெரிந்துவிட்டது. எடுத்துக் கொடுக்கச் சொல்லி நாக்கு துடித்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். முழு வார்த்தையும் வந்தது. அந்த வார்த்தையை யாரும் எனக்கு அவ்வளவு முழுதாகச் சொன்னதில்லை.

இன்று அவளாகவே ஒன்று கேட்டாள்.

"சித்தி, உன் கா... கா... காரு என்ன கலரு?"

யார் சொன்னார்கள் அவளிடம்? அத்தானாக இருக்கும். இல்லை, நீயாக இருந்தாலும் சரி. கேள்வி எளிமையானது அக்கா, ஒரே வார்த்தைப் பதில். வாயைத் திறந்தேன். வரவில்லை. தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்டு, முதல் எழுத்திலேயே நின்றுவிட்டேன்.

அவள் அவசரப்படுத்தவில்லை. வேறு கேள்விக்குப் போகவும் இல்லை. அந்தப் பக்கம் மெஷின் நின்றிருந்தது. நான் "வெள்ளை" என்று சொல்லி முடிக்கும்வரை குண்டூசி காத்திருந்தாள்.

எலி